செய்யாமல் விட்டால்

குழந்தைகள் இதயப் பிரிவுக்குத் தலைமை டாக்டர் தேடிய அந்த வருடத்தில், வந்தவர்களை ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் நான்தான், வந்த வேகத்தில் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு இரண்டுமே சவாரி. எனக்கென்ன வந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் நான் குடியிருந்தது டாக்டரம்மா வீட்டின் கீழ்ப்பகுதியில். மேலே நாற்காலி நகர்ந்தால் கீழே எனக்குக் கேட்கும். அந்த வருடம் நாற்காலிகள் நிறையவே நகர்ந்தன.

அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி. பழைய தலைவர் ஓய்வு பெற்றுப் போனதும், அடுத்தவர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று டீன் அந்தப் பொறுப்பை டாக்டரம்மா தலையில் கட்டினார். அடுத்தவர் வருகிற வழியாகக் காணோம். டாக்டரம்மா காலையில் குழந்தைகளைப் பார்ப்பார், மதியம் பயிற்சி டாக்டர்களுக்குப் பாடம் எடுப்பார், அதற்கு நடுவில் யாருக்கு லீவு, எந்த மெஷின் நின்றுவிட்டது, யாருடைய ஆராய்ச்சிக்கு யார் இன்னும் பதில் போடவில்லை என்று அலைவார். மாலையில் என் காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார். அப்படிக் கழற்றும்போது ஒரு பெருமூச்சு வரும். நாள் எப்படிப் போனது என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

"நீங்களே அந்த நாற்காலியில உக்காந்துட்டா என்ன, டாக்டரம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குக் குழந்தைங்களைப் பார்க்கத் தெரியும் அண்ணே. பெரியவங்களை மேய்க்கத் தெரியாது" என்றார்.

அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அவர் வீட்டுக்குள் இருந்தது. வீட்டுக்காரர் காய்கறி விதை ஆராய்ச்சி செய்கிறவர். நான் மனதுக்குள் அவரை விதைக்காரர் என்றே கூப்பிடுவேன். தூரத்தில் இன்னொரு ஊரில் ஒரு விதைப் பண்ணை இருந்தது. அதற்கு நிர்வாகியாகப் போக வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. முன்பு இரண்டு தடவை கூப்பிட்டும், மனைவியின் வேலையை நினைத்துப் போகாமல் விட்டிருந்தார். இந்தத் தடவை, மழைக்காலம் முடிந்ததும் வந்து சேருங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மாவும் வாக்குக் கொடுத்திருந்தார். தலைவர் ஒருவர் வரட்டும், அடுத்த நாளே கிளம்பிவிடலாம், அந்த ஊரில் சின்னதாக ஒரு கிளினிக் போதும் என்று.

ஆஸ்பத்திரிக்கும் அதே மழைக்காலம்தான் கெடு. அதற்குள் நிரந்தரத் தலைவர் வராவிட்டால் அந்தப் பிரிவில் புதிதாகப் பயிற்சி டாக்டர்களைச் சேர்க்கக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே மேலே ஒரு வீடும், ஊர்க்கோடியில் ஓர் ஆஸ்பத்திரியும் ஒரே ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

முதலில் வந்தவர் ஆராய்ச்சியில் பெரிய புள்ளி. டாக்டரம்மாவே ஸ்டேஷனுக்கு வந்து, பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலத்தைத் தாண்டியதும் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனாவும் வெளியே வந்தன. என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தத் தாளையும் பேனாவையும் ஆஸ்பத்திரியில் தெரியாதவர் கிடையாது. ஒரு குழந்தையின் இதயத்தில் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் டாக்டரம்மா முதலில் பெற்றவர்களை உட்காரவைப்பார். தாளில் நான்கு அறை வரைவார். நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு, கெட்ட ரத்தத்துக்கு நீலம். எங்கே ஓட்டை, எங்கே அடைப்பு, என்ன செய்யப்போகிறோம், அதில் எதெல்லாம் தவறிப்போகலாம் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். அப்புறம்தான் சம்மதக் கையெழுத்து. அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

இப்போது காரிலும் நான்கு அறை வரைந்தார். "இது வார்டு. இது எக்கோ அறை. இது கேத் லேப். இது வகுப்பு. எல்லாம் இப்படிச் சுத்தி வரணும். ஆனா இங்க ஒரு அடைப்பு இருக்கு" என்று கேத் லேப்பில் நீலப் பேனாவை வைத்து அழுத்தினார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயத்தைச் சரிசெய்கிற அறை அது. "மெஷின் பழசு. புதுசு வரும்னு சொல்லுவாங்க, உடனே நம்பிடாதீங்க. எங்க சர்ஜனுக்குத் தங்கமான கை, ஆனா அவரை வேற ஊர்ல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நர்ஸுங்கள்ல பாதிப் பேர் புதுசு. ஆராய்ச்சிக்குப் பணம் தருவாங்க. ஆனா கேட்டு, மறுபடி கேட்டு, சண்டை போட்டுத்தான் வாங்கணும்."

"நல்லதா ஏதாவது..." என்று அவர் இழுத்தார்.

"இருக்கு. அதை டீன் சொல்லுவார்."

அன்று மாலை ரயிலுக்கே அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இரண்டாவதாக வந்தவர் இன்னும் கொஞ்சம் திடமான மனிதர். மறுநாள் காலை வரை தாங்கினார்.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல எனக்கு மேலே சாப்பாடு. நான் தனிக்கட்டை என்பதால் ஞாயிறு மதியம் என் தட்டும் அவர்கள் மேஜையில் இருக்கும். வெளியே விடாத மழை. விதைக்காரர் சமையலறை மேஜையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் அவரே போட்ட பாத்தியில் காய்த்தது. ஒவ்வொரு காயிலும் நல்ல விதையாக இரண்டைத் தனிக் கிண்ணத்தில் ஒதுக்கினார். அதைத் தொட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். ஜன்னலோரம் அவருடைய அக்கா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வாய் ஒரு பக்கம் ஓடும், மெஷின் ஒரு பக்கம் ஓடும், இரண்டில் எது நின்றாலும் வீட்டில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

டாக்டரம்மா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவர் என்ன சொன்னார்?" என்று விதைக்காரர் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்னார்."

"அப்ப வரமாட்டார்" என்று அக்கா நூலைக் கடித்தார்.

விதைக்காரர் என் பக்கம் திரும்பினார். "பாலம் தாண்டறதுக்குள்ள மெஷின் பழசுன்னு சொல்லியாச்சா?"

நடுவில் மாட்டிக்கொண்டேன். "தாண்டினப்புறம்தான் சார்."

"மறைச்சு வெச்சு ஒருத்தரைக் கூட்டிட்டு வர எனக்கு வராதுங்க" என்றார் டாக்டரம்மா. "வந்தப்புறம் தெரிஞ்சா ஆறே மாசத்துல போயிடுவாங்க. பாதியில விட்டுட்டுப் போனா எங்க பிள்ளைங்க கதி என்ன? பயிற்சிக்கு வந்திருக்கிறவங்க கதி என்ன?"

"நீ ஆள் தேடலைம்மா. சம்மதக் கையெழுத்து வாங்குற."

அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, தண்ணீரைக் குடித்துச் சமாளித்தேன். டாக்டரம்மாவே லேசாகச் சிரித்தார். அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விதைக்காரர் ஒரு பீன்ஸை உரித்து முடித்து, தோலை ஓரமாக வைத்துவிட்டு, தலை நிமிராமல் சொன்னார்.

"ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல கிடக்கு."

"கேளுங்க."

"ஆள் கிடைக்கணும்னு உனக்கு நெஜமா ஆசை இருக்கா?"

"என்ன கேள்வி இது?"

"ஆள் வந்துட்டா நீ கிளம்பணும். அதான், வர்றவங்களை நீயே துரத்திடறியோன்னு ஒரு நெனப்பு."

தையல் மெஷின் நின்றது. மழை மட்டும் கேட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இந்த அம்மா படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்கலாமா என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சண்டைக்கு வருகிற முகமாக இல்லை. இரண்டு தடவை விட்டுக்கொடுத்த மனிதர், மூன்றாவது தடவையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார், அவ்வளவுதான்.

டாக்டரம்மா தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். துண்டை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, யாரும் சாப்பிட ஆரம்பிக்காத தட்டுகளை எடுத்துக் கழுவப் போனார்.

அடுத்த வாரம் டீன் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். மூன்றாவதாக ஒருவர் வருகிறார், வேறு யாரும் பட்டியலில் இல்லை, இதோடு சரி. ஆகையால் டாக்டரம்மா ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது, குறை எதையும் வாயெடுத்துப் பேசக் கூடாது. ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், யார் வீட்டிலாவது சாப்பிடுகிறேன் என்று வருகிறவரே கேட்டிருக்கிறாராம். அதனால் வந்த மறுநாள் மதியச் சாப்பாடு மட்டும் டாக்டரம்மா வீட்டில். இதைக் காரில் என்னிடம் சொன்னபோது டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பேசாம இருந்துடுவீங்களா?" என்றேன்.

"டீன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன் அண்ணே."

வந்தவர் நல்ல உயரம். என் காரில் உட்கார்ந்ததும் தலை கூரையில் இடித்தது. மன்னிக்கணும் என்று காரிடம் சொல்லிவிட்டுக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் நெட்டை டாக்டர். டீன் அனுப்பிய உதவியாளர் வழியெல்லாம் கட்டடம், விருது, ஆற்றங்கரை நடைபாதை என்று அள்ளிவிட்டார். ஒரு கடை வாசலில் உதவியாளர் ஏதோ வாங்க இறங்கியபோது நெட்டை டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

"அண்ணே, இந்த ஆஸ்பத்திரில என்ன கஷ்டம்?"

டாக்டரம்மாவுக்குத்தான் தடை, எனக்கில்லை. ஆனாலும் காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று எச்சரிக்கையாகச் சொன்னேன். "ஒரு கஷ்டமும் இல்லைங்க. மெஷின்கூடப் புதுசு வரப்போகுது."

"அப்ப இருக்கிறது பழசு" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார். அதன்பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். எக்கோ அறை வாசலில் அவர் நின்றுவிட்டார். அந்த அறையின் கூரையில் மீனும் பறவையுமாக ஒட்டியிருக்கும். மல்லாந்து படுக்கிற குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர்கள் நெஞ்சில் கருவியை வைத்துத் திரையில் இதயம் துடிப்பதைப் பார்ப்பார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. டாக்டரம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இளம் தம்பதி ஒன்றுக்கு நான்கு அறை வரைந்துகொண்டிருந்தார். உதவியாளர் கனைத்தார். நெட்டை டாக்டர் கையைக் காட்டி அவரை அடக்கினார்.

"தவறிப்போக வாய்ப்பு இருக்கிறதையெல்லாம் சொல்லிட்டேன்" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப கடைசியா ஒண்ணு. செய்யாம விட்டா என்ன ஆகும்ங்கறதையும் சொல்லணும். இப்ப பிள்ளை நல்லாத்தான் சிரிக்குது, பால் குடிக்குது. இன்னும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா உள்ள அந்த இதயம் ரெண்டு மடங்கு உழைச்சுக்கிட்டே இருக்கும். ஒருநாள் அதால முடியாது. அன்னிக்கு வந்தா எங்களாலயும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. செய்யாம விடறதும் ஒரு முடிவுதான். அதையும் தெரிஞ்சுக்கிட்டு யோசிங்க. அவசரமில்லை, நான் இங்கதான் இருக்கேன்."

அந்தத் தகப்பன் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நீலக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். தாய் குழந்தையின் காலுறையைச் சரிசெய்தாள். டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர்களுடைய அடுத்த கேள்விக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார். எத்தனையோ முறை இந்த அம்மாவைக் காரில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அவர் வேலையை அன்றுதான் நேரில் பார்த்தேன். இவரிடம் கொடுத்தால் நம் பிள்ளை பத்திரம் என்று, பிள்ளையே இல்லாத எனக்குத் தோன்றியது.

அன்று மாலை வீடு திரும்பும்போது அவர் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். மாடி ஏறியதும் சமையலறை வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். நான் அவர் காரில் மறந்துவிட்ட மழைக்கோட்டைக் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போயிருந்தேன்.

"மதியக் கூட்டத்துல ஒரு கைக்குழந்தையைப் பத்திப் பேச்சு வந்ததுங்க. சர்ஜன் இப்பவே ஆபரேஷன்ங்கறார். கேத் லேப்காரர் குழாய் வழியா பலூன் விட்டு விரிச்சாப் போதும்ங்கறார். வழக்கமா ரெண்டு பேரும் ஏறி உக்காந்துடுவாங்க, மத்தவங்க வேடிக்கை பார்ப்போம். புதுசா வந்தவர் என்ன பண்ணினார் தெரியுமா? கடைசி வரிசையில இருந்த பயிற்சிப் பொண்ணை, நேத்து சேர்ந்தவ, அவளை முதல்ல கேட்டார். அவளுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. காத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் அவ, குழந்தையோட எடை ரெண்டு வாரமா ஏறலையே, அதை யாரும் சொல்லலையேன்னா."

"அது முக்கியமா?" என்றார் விதைக்காரர்.

"அதான் முக்கியம். காத்திருக்க முடியாதுன்னு அர்த்தம். அப்புறம் கீழ இருந்து மேல ஒவ்வொருத்தரா கேட்டு, சர்ஜனைக் கடைசியா கேட்டார். அதுவரைக்கும் தான் ஒண்ணுமே சொல்லலை. எல்லாரும் முடிச்சப்புறம், நீங்க சொன்னதுக்கு மேல எங்கிட்ட புதுசா எதுவும் இல்லை, ஆபரேஷன் பண்ணிடலாம்னார். பலூன் வேணும்னவரே தலையாட்டினார். எங்க சர்ஜன் வெளிய வந்து, இவர் வந்தா நான் எங்கயும் போகலைங்கறார்."

இதைச் சொல்லும்போது டாக்டரம்மாவின் கண் மின்னியது. விதைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்வையில் இருந்தது பாதி சந்தோஷம். மீதி என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் மதியம் நெட்டை டாக்டர் சாப்பிட வந்தார். தக்காளி சூப், சுட்ட மீன், பீன்ஸ், ரொட்டி. சமையல் விதைக்காரருடையது. அக்கா தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணியிருந்தார். சாப்பாடு முடிந்து ரயிலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்பதால் நானும் மேஜையில் ஓரமாக இருந்தேன்.

நெட்டை டாக்டர் ரசித்துச் சாப்பிட்டார். பீன்ஸ் எந்த ரகம் என்று கேட்டார். விதைக்காரருக்கு அதுபோதும், கிண்ணத்தைக் கொண்டுவந்து விதைகளைக் காட்டவே ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா மட்டும் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு, மீன்முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நேத்திலிருந்து எல்லாரும் எனக்கு நல்லதையே சொல்றாங்க" என்றார் நெட்டை டாக்டர். "ஆபத்து என்னன்னு நீங்களாவது சொல்லுங்க."

டாக்டரம்மா தட்டைப் பார்த்தார்.

"அவ வாயைக் கட்டிப் போட்டிருக்காங்க" என்றார் அக்கா. "டீன் உத்தரவு."

"அக்கா" என்று விதைக்காரர் அதட்டினார்.

"நான் பொய்யா சொல்றேன்? முன்னாடி வந்த ரெண்டு பேர்கிட்டயும் படம் போட்டு விளக்கி அனுப்பிட்டா. இவர்கிட்டயாவது பேசாம இருக்கச் சொல்லியிருக்காங்க."

நெட்டை டாக்டர் கரண்டியை வைத்தார். "அந்தப் படத்தை எனக்கும் போடுங்களேன். டீன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

டாக்டரம்மாவின் கைப்பை பக்கத்து நாற்காலியிலேயே இருந்தது. வீட்டுக்குள்ளும் பேனாவைத் தள்ளிவைக்க மனம் வராத ஆள் இவர். ஒரு நிமிடம் விதைக்காரரைப் பார்த்தார். அவர் விதைக் கிண்ணத்தை நகர்த்தி இடம் விட்டார். டாக்டரம்மா தட்டை நகர்த்திவிட்டுத் தாளை விரித்தார். வார்டு, எக்கோ, கேத் லேப், வகுப்பு. பழைய மெஷின், புது நர்ஸுகள், பணத்துக்குச் சண்டை, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. கார் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், இவரையும் உடனே கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்குமோ என்று.

அவர் எழுந்திருக்கவில்லை. "சரி. இப்ப என்னைப் பத்தின ஆபத்தைச் சொல்றேன், கேட்டுக்கங்க" என்றார். "எனக்குக் கோபம் வந்தா கத்த மாட்டேன். ரெண்டு நாள் பேச மாட்டேன். கத்தறதே தேவலைன்னு பழைய இடத்துல சொல்லுவாங்க. என் வீட்டுல இங்க வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் நான் ஆஸ்பத்திரியிலயே கிடப்பேன், மத்தவங்களும் கிடக்கணும்னு எதிர்பார்ப்பேன். யாராவது சொல்லித்தான் நிறுத்தணும். முதல் வருஷம் ஒருத்தர் எம்மேல வருத்தப்பட்டு விலகிப் போவார். இதுவரை போன இடத்துல எல்லாம் நடந்திருக்கு. கட்டுரை எழுதற வேகம் குறைஞ்சுபோச்சு. ஆனா எழுதறவங்களை எழுத வைப்பேன்."

டாக்டரம்மா முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. இவர் நம்ம ஜாதி என்கிற சிரிப்பு.

"ஆனா நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க" என்றார் நெட்டை டாக்டர்.

"என்ன விட்டேன்? எல்லாம் சொல்லிட்டேனே."

"நேத்து எக்கோ அறை வாசல்ல நின்னு கேட்டேன். அந்தப் பெத்தவங்ககிட்ட கடைசியா ஒண்ணு சொன்னீங்க. எங்கிட்ட சொல்லலை. செய்யாம விட்டா என்ன ஆகும்? நான் வரலைன்னா இங்க என்ன ஆகும்?"

பேனா நின்றது. தினமும் மறக்காமல் சொல்கிற ஒன்றை, வந்த மூன்று பேரிடமும் அவர் சொல்லவே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"பயிற்சிக்கு ஆள் எடுக்க முடியாது" என்று டாக்டரம்மா மெதுவாக ஆரம்பித்தார். "சர்ஜன் கிளம்பிடுவார். பிள்ளைங்களை வேற ஊருக்கு அனுப்ப வேண்டிவரும். அனுப்பற வழியிலயே..." நிறுத்தினார். சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டார். மறுபடி கழற்றினார்.

"இன்னும் இருக்கு" என்றார் நெட்டை டாக்டர்.

"இருக்கு. நீங்க வரலைன்னா நான் இங்கிருந்து போக மாட்டேன். போக முடியாது. இவர் மட்டும் போவார்." கணவரைப் பார்க்காமல்தான் சொன்னார், ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. "அன்னிக்கு இவர் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்லலை. வர்றவங்களை நான் துரத்தலை. அது சத்தியம். ஆனா அவங்க போனப்ப எனக்கு முழு வருத்தமும் வரலை. அதுவும் சத்தியம்."

விதைக்காரர் எழுந்து போய் சூப் பாத்திரத்தை எடுத்துவந்து, விருந்தாளியின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு மனைவியின் கிண்ணத்திலும் ஊற்றி, "ஆறிடப்போகுது, குடி" என்றார். அந்த மனிதர்மேல் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்த கோபத்துக்கு வெட்கப்பட்டேன்.

நெட்டை டாக்டரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மழை விட்டு வெயில் அடித்தது. பாலத்து மேட்டில் ஏறி இறங்கும்போது அவர் தலை மறுபடி கூரையில் மோதியது. தடவிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, இந்த ஊர்ல கொஞ்சம் உயரமான கார் மாச வாடகைக்குக் கிடைக்குமா?"

எனக்கு முதலில் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஓட்டுகிற காரை இப்படியா சொல்வது என்று. ஸ்டேஷன் வாசலில் அவர் இறங்கிப் போன பிறகுதான் மாச வாடகை என்ற சொல் மண்டையில் ஏறியது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவர் ஒப்புக்கொண்ட செய்தியை டீன் அந்த வாரக் கடைசியில் போனில் சொன்னார். ஆஸ்பத்திரியே கொண்டாடியது. மேல்வீட்டில் மட்டும் அமைதி. இப்போது ஆள் வந்தாகிவிட்டது, சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. விதைக்காரர் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெட்டி ஒன்றை எடுத்துத் தன் விதைக் கிண்ணங்களை மட்டும் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா மூன்று நாள் தைத்தார், பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனபோது சாப்பாடு தயாராக இல்லை. மேஜை துடைத்து வெறுமையாக இருந்தது. டாக்டரம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார் கணவரிடம். பெற்றவர்களிடம் பேசுகிற அதே குரல். நான் கீழே இறங்கத் திரும்பினேன். "இருங்க அண்ணே" என்றார்.

தாளில் நான்கு அறை வரைந்தார். "இது நாம போகப்போற வீடு. இது உங்க பண்ணை. இது என் கிளினிக். இது அக்கா ரூம், தையல் மெஷின் ஜன்னலோரம்." அக்கா எட்டிப் பார்த்தார். "இப்ப தவறிப்போக வாய்ப்பிருக்கிறது. முதல் சில மாசம் நான் எரிஞ்சு விழுவேன். போன் அடிச்சா ஓடுவேன். யாருக்கு ஆபரேஷன், எந்தப் பிள்ளை எப்படி இருக்குன்னு நெட்டையா இருக்காரே, அவரை நச்சரிப்பேன். உங்க பண்ணையைக் கொறை சொல்லுவேன். சில நாள் திரும்பிப் போயிடலாம்னு அழுவேன். அப்ப உங்களால ஒண்ணும் செய்ய முடியாது. இவ்வளவும் நடக்கும். நடக்காதுன்னு நான் சொல்லலை."

விதைக்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"செய்யாம விட்டா?"

டாக்டரம்மா தாளைக் கணவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க அங்க இருப்பீங்க, நான் இங்க இருப்பேன். நீங்க விதை பார்ப்பீங்க, நான் பிள்ளைங்களைப் பார்ப்பேன். மாசத்துக்கு ஒருதரம் ரயில்ல வருவீங்க. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்போம், ஒண்ணுமே தெரியாது." நீலப் பேனாவை மேஜைமேல் வைத்தார். "அதான் எனக்குப் பயமா இருக்கு."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். விதைக்காரர் கையை நீட்டி அந்த நீலப் பேனாவை எடுத்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?"

டாக்டரம்மா தாளின் கீழ்மூலையைக் காட்டினார். அவர் போட்டார். தேதியும் போட்டார், கவனமான மனிதர். டாக்டரம்மா அதை வாங்கி ஒருமுறை சரிபார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"சாட்சி வேணும் அண்ணே. குடும்பத்துல இல்லாத ஆளாப் போடணும்."

"அப்ப இவரு போடக் கூடாது" என்றார் அக்கா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். எனக்கு எதிரே இருந்ததெல்லாம் கலங்கித் தெரிந்தது. பேனாவை விதைக்காரரே என் கையில் திணித்தார். விதிமுறை போனால் போகட்டும் என்று, நான்கு அறைக்கும் கீழே, கொஞ்சம் கோணலாக என் பெயரை எழுதினேன்.